தலையில் ஹெட்செட் மாட்டினால் லோகோ பைலட் ஆகிவிடுவோமா?

மேக்னசைட்_லைன் | சனி இரவு 9.40

போன மாதம் பழைய விஆர் ஹெட்செட் ஒன்று கைக்கு வந்தது, கண்ணில் மாட்டினால் விளையாட்டுக்குள்ளேயே இருப்பது போலக் காட்டுமே, அது. இரண்டு வாரமாக அதில் டீரெயில் வேலி ஓட்டுகிறேன். 2019-இல் வந்த விளையாட்டு, நிஜத்தில் இல்லாத ஒரு பள்ளத்தாக்கு. ஆனால் நீராவி என்ஜினின் நெருப்புக் கதவை நானே கையால் திறக்கிறேன், கரியை அள்ளிப் போடுகிறேன், இன்ஜெக்டரைத் திருப்பித் தண்ணீர் விடுகிறேன். கண்ணாடிக் குழாயில் மட்டம் இறங்கினால், பாய்லர் வெடித்துவிடுமோ என்று வயிறு கலங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் வளைவில் என் கடைசி வேகன் தெரிகிறது.

நேற்று மறுபடி மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன். யாரோ ஓட்டியதை வீடியோவில் பார்ப்பது போல இருந்தது. ரயில் சிமுலேட்டர் என்றால் இனி விஆர்தான். கீபோர்டில் ஓட்டுவது டைப்ரைட்டிங். மறுப்பவர்கள் வரலாம்.

செவ்வாய்பேட்டை_பெஞ்சு | சனி இரவு 10.15

வந்துவிட்டேன் தம்பி. 2001-இல் மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் வந்ததிலிருந்து டைப்ரைட்டிங் செய்கிறவன் நான். இப்போது ஓபன் ரெயில்ஸ் என்கிற சிமுலேட்டர். இலவசம், என் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. நம் ஊர்ப் பையன்கள் செய்து கொடுத்த டபிள்யூஏபி-4, டபிள்யூஏபி-7 மின்சார என்ஜின் எல்லாம் அதில் உண்டு. உங்கள் பள்ளத்தாக்கில் ஈரோடு ஷெட் என்ஜின் ஒன்றாவது உண்டா?

அதை விடுங்கள். ரயில் ஓட்டுவது என்பது கரி அள்ளுவதா? சிக்னல் பார்ப்பதுதான் முக்கால்வாசி வேலை. இரட்டை மஞ்சள் வந்தால் அடுத்தது மஞ்சளாக இருக்கலாம், அதற்கடுத்தது சிவப்பாக இருக்கலாம் என்று கிலோமீட்டர் கணக்கில் முன்னால் யோசிக்க வேண்டும். நீங்கள் ஓட்டுவதில் வேகப் பலகைதானே? சரி, சிக்னல் இருந்தாலும் தெரியுமா? குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் பார்வையின் ஒரு டிகிரிக்கு 25 புள்ளி. நல்ல கண்ணுக்குச் சுமார் 60 வேண்டும். சிக்னல் விளக்கு ஒரு சாண் அகலம் என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் அது ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான். மானிட்டரில் கிட்டே இழுத்துப் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம், எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற காஷன் ஆர்டரை எங்கே வைத்துப் படிப்பீர்கள்? நான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காகிதத்தில் எழுதி கிளிப் போட்டு வைக்கிறேன். டீ கிளாஸையாவது கண்டுபிடிக்க முடிகிறதா?

மேக்னசைட்_லைன் | சனி இரவு 10.32

டீ விஷயத்தில் தோற்றேன், ஒரு முறை கீபோர்டு மேலேயே கொட்டினேன். சிக்னல் கணக்கு சரிதான் அண்ணா. ஆனால் கிட்டே இழுத்துப் பார்க்கிற வசதி எந்த லோகோ பைலட்டுக்கு இருக்கிறது?

நம் என்ஜின் இல்லை என்பது உண்மையான குறை, அதை ஒத்துக்கொள்கிறேன். ட்ரெயின் சிம் வேர்ல்ட் என்கிற விளையாட்டின் வழக்கமான பதிப்புகளிலும் அதிகாரபூர்வமாக விஆர் கிடையாது. அது அன்ரியல் என்ஜினில் செய்தது என்பதால், யூஇவிஆர் என்று வெளியார் எழுதிய ஒரு மென்பொருளை வைத்து உள்ளே போகிறார்கள்.

ஏற்காடு_லூப் | ஞாயிறு காலை 6.50

இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் ஏறி இறங்கி வளர்ந்தவன் நான். ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. விஆரில் ஒரு ரயில் விளையாட்டு, பத்தே நிமிஷம், கவிழ்ந்துவிட்டேன். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. பஸ்ஸில் உடம்பு ஆடுகிறது, கண் முன்னால் இருக்கிற சீட் ஆடவில்லை. ஹெட்செட்டில் கண் ஓடுகிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸில் நடப்பதற்கு நேர் தலைகீழ். எலுமிச்சம்பழம் முகர்ந்தும் பயனில்லை.

கேபினுக்குள் உட்கார்ந்து ஓட்டும்வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் கேபின் சட்டம் நிற்கிறது, வண்டியும் மெதுவாகத்தான் வேகம் எடுக்கிறது. இறங்கி, கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி நடந்து, வேகன்களை இணைக்கிற கப்ளிங்கை மாட்டப் போனபோதுதான் தலை சுற்றியது. இப்போது முகத்துக்கு நேரே ஃபேன் வைத்துக்கொள்கிறேன், நடப்பதில்லை, வினாடிக்கு 90 ஃபிரேமுக்குக் கீழே இறங்காமல் படத்தின் தரத்தைக் குறைத்துவிட்டேன்.

செவ்வாய்பேட்டை_பெஞ்சு | ஞாயிறு காலை 8.05

ஃபேன், எலுமிச்சம்பழம், பக்கத்தில் ஒரு வாளி. இதுதான் எதிர்காலமா?

ரன்னிங்ரூம்_பொண்ணு | ஞாயிறு காலை 11.20

இரண்டு பேருக்கும் ஒரு கதை சொல்கிறேன். அப்பா ரிட்டையர்டு லோகோ பைலட். ஜோலார்பேட்டை–ஈரோடு எத்தனை முறை ஓட்டியிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. பொங்கலுக்கு என் தம்பி ஹெட்செட் கொண்டுவந்து அப்பாவை ஒரு டீசல் என்ஜினில் உட்கார வைத்தான், பின்னால் பன்னிரண்டு வேகன்.

மாட்டியதும் முதல் கேள்வி, “பிரஷர் எவ்வளவு நிக்குது?” பிரேக் பைப்பில் 5 கிலோ இருக்கிறதா என்று பார்க்காமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார். கை தானாக ஏ-9 பிரேக்கை, அதாவது ரயில் முழுவதையும் நிறுத்துகிற பிரேக் கைப்பிடியைத் தேடிப் போனது, நம் வண்டியில் அது இருக்கிற இடத்துக்கு. அங்கே ஒன்றும் இல்லை. தம்பி கையைப் பிடித்து வேறு இடத்தில் வைத்தான். நகர்ந்ததும் ஆள் இல்லாத பக்கம் திரும்பி, ஏதோ ஒரு பலகையைப் பார்த்துக் கை நீட்டி உரக்கச் சொன்னார். பக்கத்தில் அசிஸ்டென்ட் இருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பார். அம்மா சமையலறையிலிருந்து “என்ன?” என்றார்.

ஐந்தாவது நிமிஷம் வேகத்தைக் குறைத்தார். குறைத்துவிட்டு, “டேய், பின்னாடி ஒண்ணுமே இல்லையேடா” என்றார். பன்னிரண்டு வேகன் இருக்கிறது, திரும்பிப் பாருங்கள் என்றோம். திரும்பிப் பார்த்தார், இருந்தது. “கண்ணுக்குத் தெரியுது, முதுகுக்குத் தெரியலை” என்றார். பிரேக் பிடித்தால் கப்ளிங் ஒவ்வொன்றாக நெருங்கி வந்து பின்னாலிருந்து இடிக்குமாம். அந்த இடியை வைத்துத்தான் அடுத்த பிரேக்கை எவ்வளவு பிடிப்பது என்று முடிவு செய்வாராம். ரயில்வே பயிற்சி மையங்களில் கேபினையே அசையும் மேடை மேல் ஏற்றி வைத்திருப்பது இதனால்தான் என்றார்.

அப்புறம் நடந்ததுதான் உச்சம். பழக்க தோஷத்தில் ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றப் போனார். ஜன்னல் எங்கே இருக்கிறது? நான் பிடித்திருக்காவிட்டால் பீரோவில் மண்டை உடைந்திருக்கும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, “லோக்கூர் தாண்டி தானிஷ்பேட்டை இறங்குறப்ப மலை கிட்ட வரும். ஹாரன் திரும்பி வர்ற சத்தத்துலயே எங்க இருக்கோம்னு சொல்லிடலாம். அது இருக்கா இதுல?” என்று கேட்டார். ஒரு செக்‌ஷனில் தனியாக ஓட்ட விடுவதற்கு முன்னால் ரோடு லேர்னிங் என்று கூடவே போய்ப் படிக்க வைப்பதும் அதற்குத்தான். அது ஹெட்செட்டிலும் இல்லை, பெஞ்சு அண்ணா, உங்கள் மானிட்டரிலும் இல்லை.

மேக்னசைட்_லைன் | ஞாயிறு மதியம் 12.02

அக்கா, நீங்கள் எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா கை நீட்டி சிக்னல் சொன்னார், ஏ-9-ஐத் தேடினார், இல்லாத ஜன்னலில் முழங்கையை ஊன்றினார். எந்த மானிட்டர் முன்னால் எந்த லோகோ பைலட் முழங்கையை ஊன்றுவார்?

செவ்வாய்பேட்டை_பெஞ்சு | ஞாயிறு மதியம் 12.40

மனுஷர் விழப் பார்த்ததை வெற்றி என்கிறீர்களே! என் பெஞ்சில் முழங்கை ஊன்ற நிஜமான பலகை இருக்கிறது. பிளைவுட், செவ்வாய்பேட்டையிலேயே ஆசாரியை வைத்து அறுத்தது. பிரேக்குக்கு ஒரு நெம்புகோல், வேகத்துக்கு ஒன்று, ஓட்டுபவர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கிற விசிடி கருவிக்குக் காலடியில் ஒரு பெடல். 60 வினாடி ஒன்றையும் தொடாவிட்டால் விளக்கு மினுக்கும், அப்புறம் பஸ்ஸர், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாக விழும். ராத்திரி இரண்டு மணிக்கு அதை மிதித்துக்கொண்டு இருப்பதுதான் ஓட்டுவது. தானிஷ்பேட்டை எதிரொலி என்னிடமும் இல்லை என்று அந்த அம்மா சொன்னது சுருக்கென்று இருந்தது. ரூட் எடிட்டரில் கருப்பூரிலிருந்து கட்டிக்கொண்டே லோக்கூர் வரை வந்திருக்கிறேன், சத்தம் மட்டும் இன்னும் வைக்கவில்லை.

ஏற்காடு_லூப் | ஞாயிறு மாலை 4.15

கட்டுவதென்றால் எங்கள் ஊருக்கும் ஒரு லைன் போடுங்கள். ஏற்காடு 1,515 மீட்டர், சேலத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று சரிவு என்றால் 60 கிலோமீட்டர் தண்டவாளம், மலையைச் சுற்றிச் சுற்றி. கல்லாறு–குன்னூர் மாதிரி பல்சக்கரம் வைத்துப் பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றினால் 15 கிலோமீட்டரில் முடிந்தது. நீலகிரி மலை ரயிலும் 2007-இலிருந்து நம் சேலம் கோட்டம்தானே, கேட்க உரிமை இருக்கிறது. நிஜத்தில் யாரும் போடப் போவதில்லை. காபித் தோட்டத்துக்கு நடுவே ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஏறுவதற்காக மறுபடி ஹெட்செட் மாட்டுவேன், வாந்தி வந்தாலும் சரி.

மேக்னசைட்_லைன் | ஞாயிறு மாலை 5.30

பெஞ்சு அண்ணா, ஒரு யோசனை. ஹெட்செட்டில் நெம்புகோல் தெரிகிற அதே இடத்தில் உங்கள் நிஜ நெம்புகோல் இருந்தால்? முழங்கைக்குப் பலகை, கண்ணுக்கு ஜன்னல்.

செவ்வாய்பேட்டை_பெஞ்சு | ஞாயிறு மாலை 5.52

பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நான் வர முடியாது. நீங்கள் ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள். மனம் மாறிவிட்டேன் என்று இங்கே எழுதக் கூடாது, நான் இன்னும் மாறவில்லை. முடிந்தால் அந்த அம்மாவின் அப்பாவையும் கூப்பிடுங்கள், நெம்புகோல் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

ரன்னிங்ரூம்_பொண்ணு | ஞாயிறு இரவு 8.10

கேட்டேன். “கைப்பிடி வச்ச நாற்காலி இருக்கான்னு கேளு” என்கிறார்.