செக்பேட்ச் எச்சரிக்கை: லாக் செய்தியில் ஃபங்ஷன் பெயர் இருக்கிறதாம், என்ன செய்வது?

உவர்மலை:
திருகோணமலை உள்துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்க ஒரு ஐ2சி (இரு கம்பி பஸ்) சென்சாருக்கு லினக்ஸ் கெர்னல் டிரைவர் எழுதுகிறேன். பேட்சை அனுப்புமுன், கோட் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்சை ஓட்டினால், பிழையை லாக்கில் எழுதும் ஒரு டெவ்_எர் வரியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. செய்தி இவ்வளவுதான்: "சென்சார் ரீசெட் ஃபெயில்ட்". அந்த ஃபங்ஷனுக்கும் ரீசெட் என்றுதான் பெயர். அந்தப் பெயரை ஸ்ட்ரிங்குக்குள் (மேற்கோளுக்குள் இருக்கும் செய்தியில்) எழுதாமல், %எஸ் போட்டு, ஃபங்ஷன் பெயரைத் தானே நிரப்பும் __ஃபங்க்__ கொடுக்கச் சொல்கிறது. நான் ஃபங்ஷனைச் சொல்லவே இல்லையே! அப்படியே அனுப்பினால் திருப்பிவிடுவார்களா?

மூதூர்:
__ஃபங்க்__ போட்டுவிட்டுப் போங்கள், ஒரு நிமிட வேலை. எச்சரிக்கையோடு போனால் முதல் கேள்வியே அதுதான் வரும்.

நிலாவெளி:
அதற்காக நல்ல செய்தியைக் கெடுக்க வேண்டாம். செக்பேட்ச் என்பது ரெகெக்ஸை (எழுத்து வடிவங்களைத் தேடும் விதிகளை) வைத்து வரிகளைத் துழாவும் பெர்ல் ஸ்கிரிப்ட். ஃபங்ஷன் பெயர் ஸ்ட்ரிங்கில் தனிச் சொல்லாக வந்தால் கத்தும், எந்த அர்த்தத்தில் வந்தது என்று அதற்கு எங்கே தெரியும்? செக்பேட்ச் எப்போதும் சரியாக இருக்காது, எழுதுபவரின் முடிவுதான் மேல் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. டெவ்_எர் எப்படியும் டிரைவர் பெயரையும் 1-0076 போல பஸ் எண், முகவரியையும் முன்னால் போட்டுவிடும். பிழை தேடுவதற்கான டெவ்_டிபிஜி வரிகளில் ஃபங்ஷன் பெயர் வேண்டுமென்றால், அவற்றை ஓடும்போதே கட்டுப்படுத்தும் டைனமிக் டிபக்கில் +எஃப் கொடுத்தால் போதும்.

ஆனால் தம்பி, மொட்டையாக ரீசெட் என்று ஏன் பெயர் வைத்தீர்கள்? டிரைவரைக் கெர்னலோடு சேர்த்தே பில்ட் செய்திருந்தால், ஸ்டாக் டிரேஸில் (கோளாறின்போது வரும் ஃபங்ஷன் அழைப்புப் பட்டியலில்) அது யாருடைய ரீசெட் என்று மண்டையை உடைக்க வேண்டிவரும். டிரைவர் பெயரை முன்னால் சேருங்கள்.

உவர்மலை:
டைட்_ரீசெட் என்று மாற்றினேன் அண்ணா, எச்சரிக்கை போய்விட்டது. செய்தியில் கை வைக்கவில்லை. அப்புறம், நீளமான ஒரு செய்தியை இரண்டு வரியாக உடைத்திருக்கிறேன். அதற்கும் கத்துகிறது. இதையும் கண்டுகொள்ளாமல் விடலாமா?

நிலாவெளி:
இல்லை, அது நியாயம்தான். லாக்கில் பார்த்த செய்தியை ஒருவர் அப்படியே கோடில் கிரெப் செய்தால் (தேடினால்) உடைந்த ஸ்ட்ரிங் சிக்காது. ஒரே வரியில் எழுதி, ஸ்ட்ரிங்கும் கமாவும் முடிந்த இடத்தில் வரியை முடித்து, மீதி ஆர்க்யுமென்ட்களை அடுத்த வரிக்கு இறக்குங்கள். வரி 100 எழுத்தைத் தாண்டினாலும் செக்பேட்ச் பேசாது.

மூதூர்:
80 இல்லையா?

நிலாவெளி:
செக்பேட்ச் 2020இலேயே 100க்கு மாறிவிட்டது. மற்ற கோட் வரிகளுக்கு 80ஐத்தான் இன்னும் விரும்புவார்கள்.