புதுப்பிப்பு: 36 பி இல்லை, 32 டி!

36 பி பிராவில் தோள்பட்டை அழுந்துகிறது, முதுகுப் பட்டை மேலே ஏறுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். டேப்பால் அளக்கச் சொன்னீர்கள். அளந்தேன். மார்புக்குக் கீழே 32 அங்குலம், மார்பைச் சுற்றி 36. சைஸில் எண் பட்டையின் அளவு, எழுத்து கப்பின் அளவு. வித்தியாசம் 4, அதாவது டி கப். டி என்றால் ஏதோ பிரம்மாண்டம் என்றல்லவா நினைத்திருந்தேன்! 36 பி, 34 சி, 32 டி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான், பட்டைதான் மாறுகிறது. பாரம் தாங்குவதும் பட்டைதான், தோள் வார் இல்லை.

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு கடையில் 32 டி வராது, 36 போதும் என்று கன்னடத்தில் அடித்துச் சொன்னார்கள். சரி என்று ஜெயநகர் போனேன், கிடைத்தது. போட்டுப் பார்க்கவும் விட்டார்கள். இப்போது வெளிக் கொக்கியில் போடுகிறேன், எலாஸ்டிக் தளர்ந்தால் உள்கொக்கிக்கு மாறலாம். அப்புறம் அம்மாவையும் அளந்தேன். அவரும் இத்தனை வருஷமாகத் தப்பான சைஸ்தான்.