கழிவுநீர்ச் சேற்றுச் சாம்பலை வயலில் போடலாமா?

கேள்வி: சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் சேற்றை எரித்த சாம்பல் உரமாகுமா?

பதில் 1: அப்படியே போடாதீர்கள். கன உலோகங்கள் பெரும்பாலும் சாம்பலில்தான் தங்கும். பயிருக்கு வேண்டிய சத்தான பாஸ்பரஸும் அங்கேதான். அமிலத்தில் கரைத்துப் பிரிக்கலாம். ஜெர்மனியில் 2029 முதல் பெரிய நிலையங்களுக்கு பாஸ்பரஸ் மீட்பு கட்டாயம்.

பதில் 2: நான் செரிமானத் தொட்டிப் பக்கம், அதாவது நுண்ணுயிர்கள் சேற்றைச் சிதைக்கும் தொட்டிப் பக்கம், வேலை பார்க்கிறேன். எரிப்பதற்கு முன்பே நிறைய எடுக்கலாம். காற்றில்லாத் தொட்டியில் சுமார் 35 டிகிரியில் மீத்தேன் கிடைக்கிறது. அப்புறம், சேற்றைப் பிழிந்த நீர் ஓடும் குழாயைக் கழற்றினால் உள்ளே வெள்ளைக் கல்லாக அப்பியிருக்கும். சுத்தியலால் தட்டித்தான் எடுப்போம். அதுதான் ஸ்ட்ரூவைட்: மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட். தனிக் கலனில் மெக்னீசியம் உப்பு சேர்த்து மணிமணியாகப் படியவைத்தால் மெதுவாகக் கரையும் நல்ல உரம். அதைக் குப்பையில் கொட்டுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

கேட்டவர்: சரி, சாம்பலைச் செங்கல்லில் சேர்க்கலாமா?

பதில் 2: களிமண்ணோடு கொஞ்சம் சேர்க்கலாம். ஆனால் பாஸ்பரஸை முதலில் எடுத்துவிடுங்கள். செங்கல்லுக்குள் போனால் திரும்ப வராது.