தொலைவழிக் குரல்பதிவின்போது இயக்குநரின் குரல் அவருக்கே திரும்பிக் கேட்கிறது: ஆடியோ இன்டர்ஃபேஸ் அமைப்பில் உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் பின்னணிக் குரல் கொடுப்பவன். இதுவரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நேரில் சென்று, மைக் முன்னால் நின்று பேசிவிட்டு வருவதோடு என் வேலை முடிந்துவிடும். கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு), பஃபர் (கணினி ஒலியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்துக் கையாளும் இடைத்தேக்கம்) முதலியவற்றையெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர் பார்த்துக்கொள்வார். இப்போது வீட்டிலிருந்தே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இயக்குநர் வீடியோ அழைப்பில் இருந்தபடி நான் பேசுவதைக் கேட்டுத் திருத்தம் சொல்வார். நான் என் கணினியில் பதிவு செய்து கோப்பை அனுப்ப வேண்டும்.

என்னிடம் ஒரு கண்டென்சர் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடுகள் கொண்ட யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், விண்டோஸ் மடிக்கணினி, காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் ஆகியவை இருக்கின்றன. பதிவு செய்வது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், அழைப்பு ஜூமில். அழைப்பு மென்பொருள் குரலைச் சிதைக்கக் கூடாது என்பதற்காக அதில் ஒரிஜினல் சவுண்டை (ஒலியை மாற்றாமல் அனுப்பும் வசதியை) இயக்கி, எதிரொலி நீக்கத்தையும் அணைத்து வைத்திருக்கிறேன்.

நேற்று நடந்த ஒத்திகையில் இயக்குநர் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஏறத்தாழ அரை நொடி கழித்து அவர் காதுக்கே திரும்பிப் போனது. நான் பேசும்போது அந்தத் தொல்லை இல்லை, ஆனால் என் குரல் சொம்புக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது என்றார். எனக்கோ என் குரலே ஹெட்ஃபோனில் இரண்டிரண்டாகக் கேட்கிறது. பதிவான கோப்பைப் போட்டுப் பார்த்தால் ஒலி இடது காதில் மட்டுமே வருகிறது. போதாததற்கு, இடையிடையே சடசடவென்று ஒரு சத்தமும் சேர்ந்துகொள்கிறது. யூஎஸ்பி கேபிளை மாற்றினேன், டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், பயனில்லை. இன்னும் மூன்று நாள்களில் உண்மையான பதிவு இருப்பதால், எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

இயக்குநரின் குரல் உங்கள் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து மைக்கில் விழுகிறது என்று நினைக்கிறேன். கண்டென்சர் மைக் அந்த அளவுக்கு நுண்ணியது. ஒலியளவைக் குறைத்துப் பாருங்கள்.

கேட்டவர்

நன்றி. எனக்கும் அதே ஐயம் இருந்ததால் இயக்குநரை மறுபடி அழைப்பில் வரச் சொல்லிச் சோதித்தேன். ஹெட்ஃபோனின் ஒலியளவைப் பாதியாகக் குறைத்தும் எதிரொலி சற்றும் குறையவில்லை. பிறகு மைக்கின் கெயின் குமிழை முழுவதுமாகப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினேன். என் குரல் அவருக்கு அறவே கேட்காமல் போயிற்று. ஆனால் அவருடைய குரல் மட்டும் முன்பு போலவே தெளிவாக அவருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்ட பிறகும் அப்படியேதான் இருந்தது.

மறுமொழி 2 (ஒலிப்பதிவுப் பொறியாளர்)

கெயினைப் பூஜ்ஜியமாக்கிப் பார்த்தீர்களே, பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. மைக் செத்துக் கிடக்கும்போதும் இயக்குநரின் குரல் திரும்பிப் போகிறதென்றால், அது காற்று வழியாகப் போகவில்லை. கணினிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவிலேயே சுற்றுகிறது. இந்த நிலையில் ஹெட்ஃபோனை மாற்றினாலும் அறைக்கு மெத்தை அடித்தாலும் எதுவும் ஆகாது.

உங்கள் இன்டர்ஃபேஸில் லூப்பேக் என்ற வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியிலிருந்து ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒலியை எடுத்து, மைக் ஒலியோடு கலந்து, மறுபடி கணினிக்குள்ளேயே அனுப்புவதுதான் அதன் வேலை. நேரலை செய்கிறவர்கள் பாட்டையும் பேச்சையும் ஒன்றாக அனுப்புவதற்காக வைத்தது அது. உங்களுக்கு அதனால் நேர்வது இதுதான்: இயக்குநர் பேசுகிறார், அவர் குரல் ஜூம் வழியாக உங்கள் கணினிக்கு வந்து ஹெட்ஃபோனுக்குப் போகிறது, போகிற வழியில் லூப்பேக் அதைப் பிடித்து உங்கள் மைக்கின் ஒலியாகவே ஜூமிடம் திருப்பிக் கொடுக்கிறது. அழைப்பின் போக்குவரத்துத் தாமதமும் சேர, அரை நொடி கழித்து அவர் காதில் விழுகிறது.

சொம்புச் சத்தத்துக்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். ரீப்பரில் பதிவுத் தடத்தின் மானிட்டர் பொத்தான் இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் குரல் ரீப்பருக்குள் போய்ச் சில மில்லிநொடிகள் தாமதமாக ஹெட்ஃபோன் பக்கம் வெளியே வரும். அந்தத் தாமதக் குரலையும் லூப்பேக் எடுத்து மைக்கின் நேர்க்குரலோடு சேர்க்கிறது. ஒரே குரலின் இரண்டு படிகள் சில மில்லிநொடி இடைவெளியில் கலந்தால் சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காதுக்கு அது குழாய்க்குள் பேசுவது போலத்தான் கேட்கும்.

லூப்பேக் எங்கே இருக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். யமஹா ஏஜி03-இல் டூ பிசி என்ற மூன்று நிலை விசையின் ஒரு நிலை அது. சிலவற்றில் கருவியின் மேல் எந்தப் பொத்தானும் இராது. கூடவே நிறுவப்படும் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும். இன்னும் சிலவற்றில் லூப்பேக் தனி உள்ளீடாகவே பட்டியலில் தோன்றும். அப்படியென்றால் ஜூமின் மைக் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்காமல் சாதாரண உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

ஜூமில் எதிரொலி நீக்கத்தை அணைத்தது தவறில்லை. அது இயங்கியிருந்தால் இந்தக் கோளாறை ஓரளவு மூடி மறைத்திருக்கும். கூடவே, நீங்களும் இயக்குநரும் ஒரே நேரத்தில் பேசும்போதெல்லாம் உங்கள் சொற்களைக் கடித்தும் இருக்கும். லூப்பேக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மற்றவற்றை அதன்பின் பார்ப்போம்.

கேட்டவர்

ஐயா, அதுவேதான். கருவியின் பின்பக்கம், யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில், நகக்கண் அளவில் ஒரு விசை இருக்கிறது. போன மாதம் ஏதோ ஒரு விளக்கக் காணொளியைப் பார்த்து நானே அதைத் தள்ளி வைத்துவிட்டு அடியோடு மறந்திருக்கிறேன். மறுபக்கம் தள்ளியதும் இயக்குநருக்கு எதிரொலியும் நின்றது, சொம்புச் சத்தமும் போயிற்று. என் காதில் குரல் இரட்டையாகக் கேட்பது, இடது காது, சடசடப்பு ஆகிய மூன்றும் இன்னும் இருக்கின்றன.

மறுமொழி 2 (ஒலிப்பதிவுப் பொறியாளர்)

இரட்டைக் குரலுக்கு ரீப்பரின் அந்த மானிட்டர் பொத்தானை அணைத்துவிடுங்கள். இன்டர்ஃபேஸின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ குமிழோ இருக்கும். அது மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பாமலே ஹெட்ஃபோனுக்குத் தருவது. உங்கள் கருவியில் இப்போது அதுவும் இயங்குகிறது, ரீப்பரும் இயங்குகிறது. ஒன்று உடனே வருகிறது, மற்றொன்று சுற்றிக்கொண்டு வருகிறது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) என்ற சாம்பிள் ரேட்டில், 256 சாம்பிள் பஃபர் என்றால் அதற்கே 5.3 மில்லிநொடி ஆகும். உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை, அதற்கு மேல் கருவியும் டிரைவரும் எடுத்துக்கொள்ளும் நேரம் என்று கூட்டினால் பத்து மில்லிநொடியைத் தாண்டிவிடும். பாடுகிறவருக்கும் பேசுகிறவருக்கும் தம் குரலே உறுத்தலாகக் கேட்க அது போதும். பஃபரைக் குறைத்துக் குறைத்து இதைச் சரிசெய்யப் பார்க்கிறவர்கள் உண்டு. குரல்பதிவுக்கு அந்தப் பாடு தேவையே இல்லை. டைரக்ட் மானிட்டர் இருக்கும்போது பஃபரைத் தாராளமாக 512-இல் வைத்துக்கொள்ளுங்கள். சடசடப்பு வருவதற்கான வாய்ப்புகளில் ஒன்று அதனாலேயே குறையும்.

இடது காது மிக எளிது. மைக் முதல் உள்ளீட்டில் இருக்கிறது. ஆனால் ரீப்பரின் தடம் ஒன்றும் இரண்டும் சேர்ந்த ஸ்டீரியோ உள்ளீடாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது உள்ளீட்டில் எதுவும் செருகப்படாததால் வலது பக்கம் வெறுமையாகப் பதிகிறது. தடத்தின் உள்ளீட்டை மோனோ (ஒற்றை உள்ளீடு), முதல் உள்ளீடு என்று மாற்றுங்கள். ஏற்கெனவே பதிந்தவற்றை மறுபடி பேச வேண்டியதில்லை. இடது பக்கத்தை மட்டும் எடுத்து மோனோ கோப்பாக மாற்றினால் ஒரு சொல்லும் இழப்பாகாது.

மறுமொழி 3 (ஒலித் தொகுப்பாளர்)

சடசடப்பைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு முறை நன்றாகச் சூடு பட்டிருக்கிறேன். ரீப்பரில் சாம்பிள் ரேட் எவ்வளவு, விண்டோஸில் அதே இன்டர்ஃபேஸுக்கு எவ்வளவு என்று இரண்டு இடங்களிலும் பாருங்கள். ரீப்பர் 48 கிலோஹெர்ட்ஸ் கேட்க, விண்டோஸ் 44.1-இல் நிற்க, ஒரே கருவியை இரண்டும் இரண்டு பக்கம் இழுத்தால் சடசடப்பு வரும். சில நேரம் இரண்டில் ஒன்றுக்கு ஒலியே வராமலும் போகும். விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் ஒலிப்பான் பகுதி, மைக் பகுதி ஆகிய இரண்டையும் தனித்தனியாகத் திறந்து, இரண்டிலும் 48000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறும் என்று நம்பிவிட வேண்டாம். அதே இடத்தில், ஒரே செயலி கருவியை முழுவதுமாகத் தன் வசம் எடுத்துக்கொள்ள இசைவு தரும் ஒரு குறியும் இருக்கும்; அதை நீக்கிவிடுங்கள். ரீப்பரும் ஜூமும் ஒரே மைக்கைப் பகிர வேண்டியிருக்கிறதல்லவா.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். 44.1-இல் பதிவான பத்து நிமிடக் கோப்பு ஒன்றை அதன் தொடக்கத்தில் இருக்கும் விவரக்குறிப்பில் 48 என்று தவறாகக் குறிக்கும்படி அனுப்பிவிட்டேன். வாங்கியவர் திறந்தபோது அது 9 நிமிடம் 11 நொடியில் ஓடி முடிந்தது. பேசியவரின் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறியிருந்தது. கட்டைக்குரலில் பேசியவர், தம் தம்பி பேசியதுபோல் இருக்கிறதே என்று கேட்டார்.

சடசடப்பு அப்போதும் போகவில்லை என்றால், இன்டர்ஃபேஸை யூஎஸ்பி ஹப்பில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் இந்தச் சிறு கருவிகள் யூஎஸ்பியிலிருந்து வாங்கிய மின்சாரத்தைக் கொண்டே உண்டாக்குகின்றன. ஹப்பில் பென்டிரைவும் விசைப்பலகையும் கூடத் தொங்கினால் மின்சாரம் போதாமல் போகலாம். நேரடியாக மடிக்கணினியில் செருகுங்கள்.

கேட்டவர்

விண்டோஸில் ஒலிப்பான் 48-ஆகவும் மைக் 44.1-ஆகவும் இருந்தன. சரிசெய்த பிறகு நாற்பது நிமிடம் தொடர்ந்து பதிவு செய்து பார்த்தேன்; ஒரு சடசடப்பும் இல்லை. இரட்டைக் குரலும் இடது காதும் நீங்கள் சொன்னபடியே தீர்ந்தன. அழைப்பையே ஜூமில் பதிவு செய்து அந்தக் கோப்பை அனுப்பிவிடலாம், ரீப்பர் எதற்கு என்று இயக்குநரின் உதவியாளர் கேட்கிறார். அப்படிச் செய்யலாமா?

மறுமொழி 3 (ஒலித் தொகுப்பாளர்)

வேண்டவே வேண்டாம். அழைப்பில் போகும் ஒலி இணைய வேகத்துக்கு ஏற்பச் சுருக்கப்பட்டது; இணைப்பு ஒரு கணம் தள்ளாடினாலும் அந்த இடத்தில் ஓர் எழுத்து விழுங்கப்பட்டிருக்கும். அழைப்பு, இயக்குநர் கேட்பதற்கும் திருத்தம் சொல்வதற்கும் மட்டுமே. கொடுக்க வேண்டியது ரீப்பரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவான வேவ் கோப்பு. ஜூம் பதிவை வேண்டுமானால் எந்த டேக்குக்கு (ஒரு முறை பேசிப் பதிந்ததற்கு) இயக்குநர் சரி சொன்னார் என்று பின்னால் பார்த்துக்கொள்வதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, நீங்கள் பேசும் மிக உரத்த வரியின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கும்படி கெயினை வையுங்கள். 24 பிட் பதிவில் சற்றுத் தாழ்ந்ததைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். உச்ச வரம்பான பூஜ்ஜியத்தைத் தொட்டு வெட்டுப்பட்டதை ஒட்டவைக்க முடியாது. ஒத்திகையில் அடக்கி வாசித்துவிட்டுப் பதிவில் கத்துவதுதான் நம் ஆள்களின் வழக்கம் என்பதால், ஒத்திகையிலேயே கத்திப் பார்த்துவிடுங்கள். பேச்சு முடிந்ததும் முப்பது நொடி அசையாமல் நின்று அறையின் அமைதியையும் பதிந்து அனுப்புங்கள். வரிகளுக்கு இடையே ஒட்டுப்போடுகிற எங்களுக்கு அது பொன் போன்றது.

கேட்டவர்

இன்று பதிவு நல்லபடியாக முடிந்தது. இரண்டு மணி நேரத்தில் எதிரொலி பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. அந்த விசை மறுபடி கை பட்டு நகர்ந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டு டேப்பும் ஒட்டியிருக்கிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடுமாறினேன்: முந்தைய டேக்கைப் போட்டுக் காட்டச் சொன்னார் இயக்குநர், ரீப்பரில் ஓடவிட்டால் எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை.

மறுமொழி 2 (ஒலிப்பதிவுப் பொறியாளர்)

அதற்குத்தான் லூப்பேக் வேண்டும். டேப்பை ஒரு முனையில் மடித்து ஒட்டுங்கள், உரிக்க எளிதாக இருக்கும். போட்டுக் காட்டுகிற நேரத்துக்கு மட்டும் விசையைத் தள்ளுங்கள். அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருக்குமாறு இயக்குநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பேசினால் அவர் குரல் பழையபடி அவருக்கே போகும். டேக் ஓடி முடிந்ததும் முதல் வேலையாக விசையைப் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டு, அதன் பிறகு அவருடைய கருத்தைக் கேளுங்கள்.