கொழும்பில் கைக்கு வந்த பழைய கெப்: முதல் மாதத்தில் பார்க்க வேண்டியவை

ஊரிலிருந்து வேலைக்கென்று கொழும்பு வந்திறங்கும் நம் ஆட்களில் பலருக்கு, வந்த சில வாரத்திலேயே ஒரு பழைய பிக்கப் சாவி கைக்கு வந்துவிடுகிறது. கம்பெனி வண்டியாக இருக்கும், இல்லை முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஓட்டியதாக இருக்கும். இங்கே அதைப் பிக்கப் என்று சொல்வது குறைவு, கெப் என்பார்கள். இரண்டு கதவு என்றால் சிங்கள் கெப், நாலு கதவு என்றால் டபள் கெப். எனக்கு வந்தது 1994 ஹைலக்ஸ், 3எல் டீசல் எஞ்சின். அதுவரை காரில் பெட்ரோல் போடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாதவன் நான். அப்படி வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இவ்வளவு பழைய வண்டி ஏன் இன்னும் ஓடுகிறது என்று தோன்றும். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்த உபயோக வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான். இடையில் இருந்த வண்டிகளையே எல்லோரும் பொத்திப் பொத்தி ஓட்டினார்கள். அதனால் பழைய வண்டிக்கு உதிரிபாகமும், கைத்திறன் உள்ள மெக்கானிக்கும் இங்கே கிடைப்பது சிரமமில்லை. ஆனால் உங்கள் வண்டி பல கை மாறி வந்திருக்கும். மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரையும், "போன மாசம்தான் எல்லாம் மாத்தினோம்" என்ற பேச்சையும் கணக்கில் எடுக்காதீர்கள். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையா, மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரேடியேட்டர் தண்ணீர். கொழும்பு வெயிலில், காலி நகருக்குப் போகும் காலி வீதியில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் நடுவே ஊர்ந்துகொண்டே ஏசி போட்டு ஓட்டும்போது பழைய டீசல் எஞ்சின் படும் பாடு பெரிது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது கை வைத்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே துருநிறத் தண்ணீர் இருந்தால் வெறும் குழாய்த் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை முழுக்க வடித்துக் கழுவி, கூலண்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சுத்தமான தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். இங்கே குளிரில் தண்ணீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று சிலர் சொல்வார்கள். துரு பிடிக்காமலும் சீக்கிரம் கொதிக்காமலும் காப்பது அதுதான். ரப்பர் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலும், சோற்றுக் கஞ்சி மாதிரி கொழகொழத்தாலும் மாற்றிவிடுங்கள்.

இதை நான் செய்யவில்லை. வண்டி வந்த இரண்டாவது மாதம் கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் சூட்டு முள் மெல்ல மேலே ஏறியது. ஓரம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே முள் சட்டென்று கீழே இறங்கிவிட்டது. சரி, ஆறிவிட்டது என்று நிம்மதியாக இன்னும் மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். உண்மையில் ரேடியேட்டரின் கீழ்ப்பக்க ரப்பர் குழாய் பிளந்து தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும், தண்ணீரே இல்லாதபோது வெறும் காற்றைத்தான் அளந்தது. ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடிப் பகுதியை, இறக்கிப் பார்த்தால் வெடிப்பு. டொயோட்டாவின் இந்த வரிசை டீசல் எஞ்சின்களில் சூடு தாங்காமல் ஹெட் வெடிப்பது எல்லா மெக்கானிக்கும் அறிந்த விஷயம், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. முள் ஏறி, திடீரென்று விழுந்தால் அந்த நொடியே எஞ்சினை நிறுத்துங்கள். அது ஆறும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அடுத்தது டைமிங் பெல்ட், எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது. ஹைலக்ஸின் 2எல், 3எல் எஞ்சின்களில் இது ரப்பர் பெல்ட், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு இருக்கும், நேரம் வந்ததும் எரியும். பல்பையே கழற்றிவிட்ட வண்டிகளும் உண்டு என்பதால் விளக்கை மட்டும் நம்பக் கூடாது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், செலவு எங்கேயோ போய்விடும். மிட்சுபிஷி எல்200 வண்டியில் 4டி56 எஞ்சின் இருந்தால் உள்ளே இரண்டு பெல்ட்டுகள். சின்னது அறுந்து பெரியதில் சிக்கிக்கொள்ளும், ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நிஸானின் டிடி27 என்றால் கவலை இல்லை, அதில் பெல்ட்டே கிடையாது, பல்சக்கரம்தான்.

டீசல் வடிகட்டியில் தேங்கும் தண்ணீரை வடிப்பதுதான் நான் கையால் செய்யக் கற்ற முதல் வேலை. யாரும் செய்யலாம். பானெட்டைத் திறந்தால் வடிகட்டியின் தலையில் குமிழ் போல ஒரு கைப்பம்ப், அடியில் ஒரு சின்னத் திருகு. கீழே ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு திருகை விரலால் தளர்த்தி, மேலே பம்பை உள்ளங்கையால் நாலைந்து தரம் அழுத்துங்கள். முதலில் வருவதைப் பாட்டிலில் உற்றுப் பாருங்கள்: டீசலுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்து நிற்கும். சுத்தமான டீசல் மட்டும் வரத் தொடங்கியதும் திருகை மூடிவிட்டு, கைக்குப் பம்ப் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை பார்க்கலாம். அந்தத் தண்ணீர் எஞ்சினின் டீசல் பம்புக்குள்ளும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள்ளும் போய்விட்டால் பிறகு புலம்பிப் பயனில்லை.

எஞ்சின் ஆயில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து ஆயில் அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஃபில்டருடன் மாற்றுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கராஜில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதையும் மாற்றுங்கள்.

வண்டிக்கு அடியில்தான் நிறைய வேலை. கடற்காற்றின் உப்பு சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தின்னும். கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சின்ன ஓட்டைகள் இருக்கும், மண் அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும், ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டிலுள்ள கிராஸ் ஜாயிண்டுக்கும், பட்டா ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ஷேக்கிளுக்கும் கிரீஸ் அடிக்க சர்வீஸ் ஸ்டேஷனில் தனியாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தண்ணீர் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டெப்னி டயர் பின்பக்கத் தட்டுக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். இன்றைக்கே ஒரு முறை இறக்கிப் பாருங்கள், சங்கிலி துருவேறி இறங்காமல் நடுரோட்டில் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளையும் இங்கே கவனிக்க வேண்டும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கம் வீடுகளே முங்கின. வாங்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டியே ஆழமான தண்ணீரில் போய் வந்தால் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் அது பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருக்கும்.

வண்டியை வீதியில் ஓட்டுவதற்கான வருமான அனுமதிப்பத்திரத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இன்சூரன்ஸும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். டீசல் வண்டிக்கு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, எஞ்சினை உறுமவிட்டுத்தான் புகையை அளப்பார்கள். வயது தெரியாத டைமிங் பெல்ட்டுடன் அங்கே போகாதீர்கள். புது ஏர் ஃபில்டர் போட்டு, நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டுப் போனால் புகை குறையும்.

உதிரிபாகத்துக்கு மருதானை பக்கத்தில் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். தெரு முழுக்க அந்தக் கடைகள்தான், தமிழ் பேசும் கடைக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. சேசிஸ் நம்பரைப் போனில் படம் எடுத்து வையுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்விகள் வந்திருந்தன, பதில் சொல்கிறேன்.

சிங்களம் தெரியாமல் மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது என்று கேட்ட தம்பிக்கு: மெக்கானிக்கை பாஸ் என்று கூப்பிடுவார்கள். அவர் உங்களை "அய்யே" என்றால் அது அண்ணா என்ற பொருளில். வத்துர என்றால் தண்ணீர், ஹுலங் என்றால் காற்று. தெல் என்பதில் மட்டும் கவனம் வேண்டும், டீசலுக்கும் அதே சொல், எண்ணெய்க்கும் அதே சொல். எஞ்சின் ஆயில் வேண்டுமென்றால் எஞ்சின் தெல் என்று முழுதாகச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்கை இங்கே ஷெட் என்பார்கள்.

டயரைத் தானே மாற்றலாமா என்று கேட்ட சகோதரிக்கு: தாராளமாக. ஆனால் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்சக்கரத்தைத் தூக்கினால் வண்டி நகர வாய்ப்பு உண்டு, அதனால் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்துவிட்டு ஜாக்கியைப் போடுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட வேண்டாம்.

குடும்பத்தோடு நுவரெலியா போகிறேன் என்றவருக்கு: அங்கே விடிகாலைக் குளிரில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் அடிக்காமல், டாஷ்போர்டில் சுருள் வடிவில் எரியும், எஞ்சின் முன்சூடாவதைக் காட்டும் விளக்கு அணையும் வரை பொறுங்கள். திரும்பி இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். கருகிய வாசம் அடித்தால் ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு, சக்கரம் ஆறியபின் கிளம்புங்கள்.