எடைக்கும் குதிரைத்திறனுக்குமான விகிதம் சமமாக இருந்தும் பந்தயம் சமமாக அமையாதது ஏன்?

தராசுத்தட்டு (கேள்வி)

பொழுதுபோக்காகக் கார் பந்தயத்தில் ஈடுபடுவோர் நடத்தும் ஒரு சிறு தொடரில், வகுப்புகளைப் பிரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. ஓட்டுநரையும் சேர்த்த காரின் மொத்த எடையை, டைனோவில் (என்ஜின் திறனை அளக்கும் கருவி) அளந்த உச்சக் குதிரைத்திறனால் வகுத்து, 10 கிலோவுக்கு ஒரு குதிரைத்திறன் என்பதை ஒரு வகுப்பின் எல்லையாக வைத்தோம். அதன்படி 1,000 கிலோவும் 100 குதிரைத்திறனும் உடைய முன்சக்கர இயக்கக் காரும், 1,300 கிலோவும் 130 குதிரைத்திறனும் உடைய பின்சக்கர இயக்கக் காரும் ஒன்றாக ஓடுகின்றன. வளைவுகள் மிகுந்த தடத்தில் இலகுவான கார் தொடர்ந்து வென்றதால் அதற்கு 50 கிலோ பேலஸ்ட் (ஈடுகட்டக் காரில் ஏற்றும் கூடுதல் எடை) விதித்தோம். இப்போது அது எந்தத் தடத்திலும் தேறவில்லை. முன் டயர்களும் பந்தயம் முடிவதற்குள் சோர்ந்துவிடுகின்றன. எங்கே பிழைத்தோம்?

ஐந்தாம்கியர்

தங்கள் விகிதம், தாழ்ந்த வேகத்திலிருந்து முடுக்கும்போது மட்டுமே ஏறத்தாழ நியாயமானது. வேகம் கூடக் கூட எடை பின்னுக்குப் போய், காற்றின் தடையே முதன்மையாகிவிடுகிறது. அத்தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தில் உயர்வதால், இரண்டு கார்களின் உடல் வடிவமும் ஒத்திருந்தால், 30 விழுக்காடு கூடுதல் திறனுள்ள கார் உச்ச வேகத்தில் ஏறக்குறைய 9 விழுக்காடு முன்னே நிற்கும். நீண்ட நேர்ப்பாதையில் அது பெரிய இடைவெளி.

வளைவிலும் பிரேக்கிலும் கதை தலைகீழ். டயரின் மீது அழுத்தும் எடை கூடும் அளவுக்கு அதன் பிடிமானம் கூடுவதில்லை. ஆகவே ஒரே அகல டயரில் கனமான கார் தோற்கும். மணிக்கு 160 கிலோமீட்டரில் செல்லும் 1,000 கிலோ கார் முழுவதும் நிற்பதற்குள் சுமார் 988 கிலோஜூல் ஆற்றலைக் கழிக்க வேண்டும். தாங்கள் ஏற்றிய 50 கிலோ, ஒவ்வொரு முறையும் மேலும் 49 கிலோஜூலைச் சேர்க்கிறது. முன்சக்கர இயக்கக் காரிலோ இயக்குவது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது ஆகிய மூன்றும் அதே இரண்டு டயர்களின் தலையில்தான் விழுகின்றன. எடையைக் கூட்டுவதற்கு முன், டயர் அகலத்தை வகுப்பு விதியில் சேர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பழுதுப்பட்டறை

மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் உச்சக் குதிரைத்திறன் என்னும் எண்ணையே நான் நம்ப மாட்டேன். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ என்ஜினில் மின்னணுக் கட்டுப்பாட்டைத் திருத்தி, உச்சத்தை எல்லைக்குள் அடக்கிவிட்டு, அதே அளவுத் திறனைப் என்ஜின் சுழலும் வேகத்தின் பரந்த வீச்சு முழுவதும் கொடுக்க வைக்கலாம். காகிதத்தில் இரண்டு கார்களும் ஒன்று. வளைவிலிருந்து வெளியேறும்போது ஒன்றல்ல. ஓடும் வீச்சின் சராசரித் திறனைக் கணக்கில் கொள்வது இதற்கு ஓரளவு மருந்து. என்ஜின் கொள்ளளவைப் பெருக்கி ஈடுகட்டும் பழைய முறையும் உண்டு: உலகக் கார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விதிகளில் டர்போ பெட்ரோல் என்ஜினுக்கு 1.7 என்ற பெருக்கெண் இருந்தது. 1,600 சிசி என்ஜின் 2,720 சிசியாகக் கருதப்படும். எளிய முறைதான், ஆனால் மிகவும் முரடானது.

கனமான காரை அடக்க வேண்டுமானால் என்ஜினுக்குள் காற்று போகும் வழியில் ரெஸ்ட்ரிக்டர் என்னும் குறுக்குவாய் வளையத்தைப் பொருத்துங்கள். அதன் குறுகிய வாயில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியதும் அதற்கு மேல் உள்ளே செல்ல இயலாது. திறனுக்கு ஒரு கூரை விழுந்துவிடும். டயரும் பிரேக்கும் தண்டனை பெறமாட்டா.

கடைசிவரிசை

ஒரு சந்தேகம்: வென்றது காரா, ஓட்டுநரா? அந்த 50 கிலோவை விதிக்கும் முன், வேறு ஒருவரை அதே காரில் ஓட வைத்துப் பார்த்தீர்களா? வென்றவருக்கு எடை ஏற்றுவது காட்சிக்காக நடத்தப்படும் தொடர்களுக்குப் பொருந்தலாம். சொந்தப் பணத்தில் ஓட்டுபவர்களிடையே அது, வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடையைத் தவிர்க்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

தராசுத்தட்டு

பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் எங்களில் மிகவும் தேர்ந்தவர். 50 கிலோவை விலக்கிவிட்டு, டயர் அகலத்துக்கு வரம்பு வைத்து, இருவரையும் கார் மாற்றி ஓட்டச் செய்து நேரங்களைக் குறித்துக்கொள்கிறேன். ரெஸ்ட்ரிக்டரின் விட்டத்தை முடிவு செய்வது அதற்குப் பிறகுதான். இடையில் ஒரு கேள்வி: அதை எல்லாருக்கும் ஒரே அளவில் பொருத்துவதா, என்ஜினுக்கு ஏற்ப மாற்றுவதா?

பழுதுப்பட்டறை

என்ஜினுக்கு ஏற்பத்தான். ஆனால் பொருத்திய பின் முத்திரை வைக்க மறவாதீர்கள்.