சொல் தேவை, திங்களுக்குள்: இரண்டாம் தூதுவரா, உள்தூதா?

அன்புடையீர்,

செல் உயிரியல் பாடநூல் ஒன்றின் அத்தியாயம் என் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை பதிப்பாசிரியரிடம் போக வேண்டும். அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் செல்லுக்குள் நுழைவதில்லை. சவ்விலுள்ள ஏற்பியை (ஹார்மோனைப் பிடிக்கும் புரதத்தை) பற்றிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. உள்ளே சேதியைக் கொண்டுபோவது வேறு பொருள். வளைய ஏஎம்பி (சைக்ளிக் ஏஎம்பி) அந்த வகைப் பொருள், அதைக் கண்டறிந்த சதர்லாண்டுக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்ததே. 'செகண்ட் மெசஞ்சர்' என்பதற்கு 'இரண்டாம் தூதுவர்' என்று எழுதிவிட்டேன்.

சிக்கல் அடுத்த பக்கத்தில். ஏற்பி தூண்டப்பட்டதும் பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதி, சவ்விலுள்ள பிஐபி2 என்ற லிப்பிடை (கொழுப்புப் பொருளை) இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு ஐபி3. அது நீரில் கரைந்து எண்டோபிளாச வலைக்குப் போய், அங்கே அடைபட்டிருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. மறு துண்டான டைஅசைல்கிளிசரால் சவ்விலேயே தங்கிவிடுகிறது. ஹார்மோன் முதல், ஐபி3 இரண்டு என்றால் கால்சியம் மூன்றாம் தூதுவர் அல்லவா? மூலநூலோ எல்லாவற்றையும் 'இரண்டாம்' என்றே சொல்கிறது. எண் இல்லாத சொல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

*

அம்மா, எண்ணை விடுங்கள், 'அர்' விகுதியே தவறு. ஓர் அயனிக்கு உயர்திணை மரியாதை எதற்கு? தூது என்ற சொல்லே செயலையும் குறிக்கும், போகிறவரையும் குறிக்கும். 'உள்தூது' என்று வையுங்கள். ஆனால் அப்படியே எழுதக்கூடாது. முள்ளும் தீதும் சேர்ந்து முட்டீது ஆவதுபோல இது 'உட்டூது' ஆகும். இலக்கணம் தெரிந்தவர் பார்த்தால் சிரிக்கக்கூடாதல்லவா?

இன்னொன்று. குறளின் தூது அதிகாரத்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகர், தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என்று தூதரை இரண்டாகப் பிரிக்கிறார். ஓலை கொடுத்து நிற்பானை வடநூலார் கணக்கில் சேர்க்கிறார். கால்சியம் இதில் எந்த வகை என்று முடிவு செய்தால் சொல் தானே வந்துவிடும்.

*

> இது 'உட்டூது' ஆகும்

ஐயா, நான் வகுப்பில் நிற்கிறவள். இதைக் கரும்பலகையில் எழுதினால் பாதிப் பேர் 'ஊட்டுது' என்று படிப்பார்கள், மீதிப் பேர் எழுத்துப்பிழை என்று திருத்துவார்கள். இலக்கணம் தெரிந்தவர் சிரித்தால் சிரிக்கட்டும், தேர்வெழுதுகிறவருக்குப் புரிய வேண்டும்.

பரிமேலழகர் கேள்வி மட்டும் எனக்குப் பிடித்தது. ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் எதனோடும் சேராத தனிக் கால்சியம் சுமார் 100 நானோமோலார்தான். வெளியே அதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. இந்த வேறுபாட்டைக் காக்கவே செல் ஓயாமல் ஏடிபியைச் செலவழித்துக் கால்சியத்தை வெளியே தள்ளுகிறது. அதனால் கதவு கொஞ்சம் திறந்தாலும் உள்ளே அளவு சட்டென்று உயர்கிறது. பல செல்களில் அது ஏறி இறங்கித் துடிக்கவும் செய்கிறது. ஆனால் அதே கால்சியம்தான் தசையைச் சுருக்குகிறது, சுரப்பியைச் சுரக்க வைக்கிறது, கருவுற்ற முட்டையை எழுப்புகிறது. சேதி கால்சியத்தில் இல்லை, அதைப் பிடிக்கிற புரதத்தில் இருக்கிறது. கால்மோடுலின் நான்கு கால்சிய அயனிகளைப் பற்றி உருமாறி, அப்புறம் அந்தந்தச் செல்லில் இருக்கிற நொதிகளைத் தட்டி எழுப்புகிறது. ஆக கால்சியம் கூறியது கூறுவான்கூட இல்லை. ஓலை கொடுத்து நிற்பான் என்றால் அந்த ஓலையும் வெற்று ஓலை.

*

எல்லாரும் கால்சியம், கால்சியம் என்று எழுதுகிறீர்களே, சுண்ணம் எங்கே போயிற்று? 'சுள்' என்றால் எரிப்பு. சுட்டு எடுத்தது சுண்ணம். 1808இல் டேவி அந்தத் தனிமத்துக்குப் பெயர் வைத்தது 'கால்க்ஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து. அந்தக் கால்க்ஸும் நம் 'கல்' தான். எனவே 'சுண்ண உட்டூது' என்பதே என் பரிந்துரை.

*

ஒலி ஒத்துப்போனால் உறவா? சுண்ணம் சூர்ணத்திலிருந்து பிராகிருத வழியாக வந்தது என்றும் ஒரு கட்சி உண்டு. அதைத் தொடங்கினால் திங்கட்கிழமை போய்விடும். சுண்ணம் என்று படிக்கிற மாணவர் சுண்ணாம்பைத்தான் நினைப்பார், அயனியை அல்ல. தனிமத்தின் பெயரில் கை வைக்க வேண்டாம்.

*

லிப்பிடுகளை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். கதை தொடங்கியதே அங்கேதான். லோவல் ஹோக்கினும் மேபல் ஹோக்கினும் 1953இல் கணையத் துண்டுகளில் நரம்புச் சேதிப் பொருளான அசெட்டைல்கோலினைச் சேர்த்தபோது பாஸ்போலிப்பிடுகளில் புதிய பாஸ்பேட் ஏறுவதைக் கண்டார்கள். வெறும் சுவர்ப்பூச்சு என்று நினைத்திருந்த சவ்வுக் கொழுப்பு ஏன் இப்படிப் பரபரக்கிறது என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1975இல் மிச்செல் அதைக் கால்சியத்தோடு முடிச்சுப் போட்டார். ஐபி3தான் உள்ளிருக்கும் கால்சியத்தை விடுவிக்கிறது என்பது 1983இல், அதே கணையச் செல்லில் நிறுவப்பட்டது.

இப்போது டைஅசைல்கிளிசராலைப் பாருங்கள். இரண்டு கொழுப்பமில வால்கள் இருப்பதால் அது சவ்வைவிட்டு நகராது. நிஷிசுகா 1977இல் கண்ட புரதக் கைனேஸ் சி என்ற நொதி, கால்சியம் கூடியதும் சவ்வுக்கு வந்து அதைச் சந்தித்து விழித்துக்கொள்கிறது. நேர்வாள எண்ணெயிலுள்ள ஃபார்பால் எஸ்டர்கள் இந்த டைஅசைல்கிளிசரால் போல நடித்துத்தான் அந்தக் கைனேஸை ஏமாற்றுகின்றன. செல் டைஅசைல்கிளிசராலைச் சீக்கிரம் மாற்றிவிடும். ஃபார்பாலை அப்படி எளிதில் அகற்ற முடியாது, அதனால்தான் அது புற்று வளரத் துணைபோகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இருந்த இடத்தைவிட்டு அசையாததைத் தூது என்பதா? 'உட்குறி' போதும். போனாலும் பொருந்தும், நின்றாலும் பொருந்தும்.

*

> 'உட்குறி' போதும்

நோய்க்கு அறிகுறி, குணங்குறி என்றெல்லாம் இருக்கும்போது 'உட்குறி' என்றால் உள்நோயின் அடையாளம் என்று படித்துவிடுவார்கள். 'அகத்தூது' எப்படி? வல்லினம் ஒழுங்காக மிகுகிறது, உட்டூதுத் தொல்லையும் இல்லை.

*

அகத்தூது என்றால் தோழியும் பாணனும் வந்து நிற்பார்கள். வேண்டாம்.

*

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மை என்று சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை. எதிர்ப்பு குறைந்தது 'உள்தூது', புணர்த்தாமல். அதையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'இரண்டாம் தூதுவர் என்றும் வழங்கும்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். கால்சியம் கால்சியமாகவே இருக்கும். டைஅசைல்கிளிசராலுக்கு 'சவ்வில் தங்கும் உள்தூது' என்று எழுதினேன். முரணாகத் தெரிந்தாலும் நடப்பது அதுதான்.

*

போடுங்கள் அம்மா. ஆனால் சொல்லடைவில் 'உட்டூது காண்க' என்று ஒரு பதிவாவது இருக்கட்டும். சுண்ணக்காரருக்கும் ஒன்று கொடுத்தால் சண்டை ஓயும் என்று நினைக்காதீர்கள், 'சமிக்ஞை' வடசொல் என்று அடுத்த மடலை அவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்.